பட்டியலில் மூன்றாவது பெயர்

என்னோடு பல வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்த பர்ணாலி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய அலுவலகத்தில் மின்னஞ்சல்களைப் பிரித்துப் படிக்கவும் புதிதாகக் கோத்து அனுப்பவும் ஒரு நிரல் தொகுப்பு எழுதுகிறார்கள். மற்ற நிரலாளர்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மின்னஞ்சலில் மேலே விலாச வரிகள், அப்புறம் ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே விஷயம். அந்த வெற்று வரி இல்லாமல் வரும் அஞ்சலை நிரலே ஊகித்துப் புரிந்துகொள்ளலாமா கூடாதா என்று அவளுடைய ஆட்களில் இரண்டு பேருக்குத் தகராறு. கூடாது என்று பர்ணாலி சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அது உங்க கதை, ராஜி-தி. நான் சொன்னா சரியா வராது. நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள். 'தி' என்பது வங்காளத்தில் அக்காவைக் கூப்பிடும் 'தீதி'யின் சுருக்கம்.

இத்தனை வருஷத்தில் இதை நான் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே குமாஸ்தா வேலை. பவானிபூரில் இரண்டு அறை வாடகை வீடு. கல்லூரியில் சேர்ந்த வருஷமே தட்டச்சும் கற்றுக்கொண்டேன். அறுபதுகளின் கடைசியில், அணைகளும் சுரங்கப் பாதைகளும் கட்டும் ஓர் அரசு நிறுவனத்தின் கல்கத்தா தலைமை அலுவலகத்தில் டெலிபிரிண்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மலைகளில் இருக்கும் சைட்டுகளிலிருந்து செய்திகள் எங்களிடம் வரும். ஓட்டை போட்ட காகித நாடாவில் வந்து விழும் செய்தியைக் கிழித்து, முதல் வரியில் யாருக்கு என்று பார்த்து, அந்த ஊருக்குப் போகும் இயந்திரத்தில் செருக வேண்டும். கொஞ்ச நாளில் ஓட்டைகளை வெறும் கண்ணாலேயே படிக்கப் பழகிவிட்டேன். பதினைந்து வருஷம் அந்த வேலைதான்.

எண்பதுகளில் கம்ப்யூட்டர் வந்தது. நாடாவைக் கிழிக்க ஆள் வேண்டாம், செய்தியை அதுவே படித்து அதுவே அனுப்பும் என்றார்கள். அதற்கு நிரல் எழுத வெளியிலிருந்து சிலரை எடுத்தார்கள். ஆபரேட்டர்களிலிருந்து ஒருத்தரை எடுத்தார்கள். அது நான். எட்டு மாதப் பயிற்சி. அப்போது எனக்கு முப்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மா மட்டும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சன்யால் பாபு. மெலிந்த மனிதர். என் பெயரை வங்காளி வழக்கப்படி 'ராஜ்லொக்கி' என்றுதான் சொல்வார். நாங்கள் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது இது தப்பு, அது தப்பு என்று சொல்ல மாட்டார். தாளை மேஜையில் விரித்து, ஒரு மாதிரிச் செய்தியைப் பக்கத்தில் வைத்து, தன்னையே இயந்திரமாக நினைத்துக்கொண்டு வரி வரியாக விரலை வைத்துப் படிப்பார். எழுதியிருப்பதை மட்டும் செய்வார், எழுதாததைச் செய்ய மாட்டார். எங்கே கோளாறோ அங்கே விரல் நின்றுவிடும். வாய் திறக்காமல் நம் முகத்தைப் பார்ப்பார். நமக்கே தெரிகிறவரை விரலை எடுக்க மாட்டார். அவருடைய டீ ஆறி ஆடை கட்டிப் போவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

என் பொறுப்பு இரண்டு நிரல்கள். ஒன்று, வந்த செய்தியைப் பிரிப்பது. யாருக்கு, யாரிடமிருந்து, என்ன எண், விஷயம் எது என்று தனித்தனியாக எடுத்து வைக்கும். இன்னொன்று, பிரித்ததை மறுபடி ஒழுங்காகக் கோத்து வெளியே அனுப்பும். மற்றவர்கள் எழுதிய எல்லா நிரல்களும் இந்த இரண்டையும் கூப்பிட்டுத்தான் வேலை செய்யும். செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் இருக்கும். 'டு' என்று தொடங்கும் வரிகளில் விலாசம். அப்புறம் அனுப்பியவர், எண். அதன் பிறகு ஒரு வெற்று வரி. வெற்று வரிக்குக் கீழே எது இருந்தாலும் அது விஷயம், அதை நிரல் தொடக் கூடாது. இதுதான் விதி.

முதலில் விதிப்படியேதான் எழுதினேன். வெற்று வரி இல்லாத செய்தியை நிரல் வாங்காது, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். சைட்டுகளிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. வடகிழக்கு மலையில் ஒரு சுரங்கப் பாதை சைட்டில் பிமல் என்று ஓர் ஆபரேட்டர். அவனை நான் நேரில் பார்த்ததே இல்லை. வேலைச் செய்திகளுக்கு நடுவில் எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தான். "தீதி, இங்கே குளிரில் விரல் விறைக்கிறது, ஜெனரேட்டர் நின்று நின்று வருகிறது. ஒரு வரி விட்டுப்போனதற்கு முழுச் செய்தியையும் மறுபடி அடிக்கச் சொல்கிறது உங்கள் மெஷின்."

விரல் விறைத்து அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நானும் ஆபரேட்டர்தானே. நிரலைத் தளர்த்தினேன். வெற்று வரி இல்லாவிட்டால் பரவாயில்லை. சிலர் விலாசத்தைக் கடைசியில் சேர்க்கிற வழக்கமும் இருந்ததால், வெற்று வரி இல்லாத செய்தியில் 'டு' என்று தொடங்கி அடுத்து நம் அலுவலகம் உள்ள ஊர்ப் பெயர் வந்தால், அந்த வரி எங்கே இருந்தாலும் விலாசம் என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன்.

சன்யால் பாபு படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியவில்லை. கடைசியில் அவரே கேட்டார், சந்தேகம் வந்தால் இந்த நிரல் யாரைக் கேட்கும் என்று. இதற்குச் சந்தேகமே வராது என்றேன். தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். சைட்டு ஆபரேட்டர்கள் எல்லோரும் எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பிமலின் சைட்டில் சுரங்கப் பாதையின் கூரை சரிந்தது. அப்போது உள்ளே பாறை உடைத்துக்கொண்டிருந்த கோஷ்டியில் எல்லோரும் தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். அந்த மலையிலிருந்து உடல்களை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லாமல் அங்கேயே தகனம் செய்துவிட்டார்கள். மாதையன் என்கிறவருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவரை ரயிலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

அவர் வந்து சேர்ந்த மறுநாள் சன்யால் பாபு என்னைக் கூப்பிட்டார். அந்த ஆளுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியவில்லை, டாக்டர் கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாராம், நீ வீட்டுக்குப் போகிற வழிதானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்றார். ஆஸ்பத்திரி பவானிபூரில்தான். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தைப் பலகை மேல் நடந்து தாண்டினால் வாசல்.

மாதையனுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. காலில் கட்டுப் போட்டு, எடை தொங்கவிட்டு, படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார். தமிழைக் கேட்டதும் முதலில் கேட்டது, "அக்கா, கொஞ்சம் புளிச்சாறு சோறு கெடைக்குமா?" என்றுதான். மறுநாளிலிருந்து அம்மா ரசம் சாதம் கட்டித் தந்தாள். தினமும் மத்தியானம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மாசி, அதாவது சித்தி, என்று வார்டில் எல்லோரும் கூப்பிட்ட ஆயா எனக்கு நாற்காலி போட்டு வைப்பாள். வீட்டுக்குக் கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "எழுதிப் போட்டா பயந்துக்கும். கால் ஊணி நடக்கறப்ப நானே போய்ச் சொல்லிக்கறேன். சம்பளக் கணக்குக்கு மெட்ராஸ் ஆபீசுக்கு மட்டும் சேதி போயிருக்குமில்லக்கா?" போய்விட்டது என்றேன். விபத்துச் செய்தி எங்கள் கம்ப்யூட்டர் வழியாக, அந்தக் கோஷ்டியை வேலைக்கு எடுத்த மெட்ராஸ் அலுவலகத்துக்குப் போனது எனக்குத் தெரியும். அன்றைய பதிவேட்டில் நானே அதை டிக் செய்திருந்தேன்.

ஒன்பதாவது நாள் காலையில் பணியாளர் பிரிவுத் தபன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, இது நீங்கள் சோறு கொண்டுபோகிற ஆள்தானே என்று கேட்டார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த செய்தி அது. மறைந்த மாதையனின் மனைவி பச்சியம்மாள், காரியங்கள் முடிந்துவிட்டதால், கணவரின் பெட்டியையும் துணிமணிகளையும் அனுப்பித் தரக் கேட்கிறார்.

முந்தின நாள் சாயங்காலம்தான் மாதையன் என்னிடம் ஊறுகாய் கேட்டிருந்தார்.

அலமாரியைத் திறந்து, விபத்தன்று பிமல் அனுப்பிய நாடாவையும், அதைப் படித்து எங்கள் கம்ப்யூட்டர் மெட்ராஸுக்கு அனுப்பியதன் நகலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிமல் அடித்ததில் 'இறந்தவர்கள்' என்று ஒரு வரி. அதன் கீழ் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இரண்டு பெயர். அடுத்த வரி, 'டு கல்கத்தா ஃபார் ட்ரீட்மென்ட்', அதாவது சிகிச்சைக்காகக் கல்கத்தாவுக்கு. அதன் கீழ் மூன்று என்று எண் போட்டு மாதையன். செய்தியின் மேலே வெற்று வரி இல்லை. அவசரத்தில் விட்டிருக்கிறான். என் நிரல் 'டு கல்கத்தா' என்ற வரியைப் பார்த்து, இது விலாசம் என்று உருவி மேலே போட்டுவிட்டது. அந்த வரி போனதும் மூன்று பெயரும் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக, அழகாக நின்றன. பிசிறே இல்லை. யார் பார்த்தாலும் மூன்று பேரும் இறந்தவர்கள் என்றுதான் படிப்பார்கள். 'டு கல்கத்தா' என்றதற்காக எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு நகல் வந்திருந்தது. விஷயம் டிரங்க் காலில் முன்பே தெரியுமென்பதால் யாரும் படிக்காமல் அது கோப்புக்குப் போயிருந்தது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போய் சன்யால் பாபு முன்னால் வைத்தேன். வழக்கம்போல விரலை வைத்துப் படித்தார். விரல் நின்றது. இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதலில் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். நாம் பேச வேண்டியதை அப்புறம் பேசலாம்" என்றார்.

திருத்தச் செய்தியை எழுதினேன். 'எங்கள் இன்ன எண் செய்தியில் வரிசை எண் மூன்றை நீக்கிப் படிக்கவும்.' பதினைந்து வருஷப் பழக்கம் அப்படித்தான் எழுத வைத்தது. அவர் அதைப் படித்துவிட்டுக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை, பக்கத்தில் வைத்தார். இதைப் படிக்கிறவர் முதலில் கோப்பைத் தேடுவார், கோப்பு கிடைக்க ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளும் அவள் விதவையாகவே இருப்பாள் என்றார். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மாதையன் உயிரோடு இருக்கிறார். மறுபடியும் சொல்கிறோம், உயிரோடு இருக்கிறார். கல்கத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடது கால் முறிவு. பேசுகிறார், சாப்பிடுகிறார். தவறு எங்களுடையது. தந்தி கொடுக்க வேண்டாம். ஓர் அதிகாரி இன்றே அவர் வீட்டுக்கு நேரில் போகவும்.' இதைக் கம்ப்யூட்டரில் விட வேண்டாம் என்றார். மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பழைய டெலிபிரிண்டரை நேரே மெட்ராஸ் லைனில் இணைத்து நானே அடித்தேன். முடித்ததும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் அந்தப் பக்கத்து ஆபரேட்டர் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். நிஜமாகவா?

நிஜம், நான் தினமும் பார்க்கிறேன் என்று அடித்தேன். ஜீப் கிளம்பிவிட்டது என்று பதில் வருகிறவரை சன்யால் பாபு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

மாதையனிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாராவது சொல்லட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. மத்தியானம் போனேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல், என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னேன். என் நிரல் என்றால் அவருக்குப் புரியாது என்பதால், சேதியை மாற்றி அனுப்பியது நான்தான் என்றேன். அவர் வெகுநேரம் காலில் தொங்கிய எடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரியமே பண்ணிட்டாங்களா?"

"ஆமா."

"அப்ப பச்சி கழுத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "எங்கம்மாவுக்கு நெஞ்சு சரியில்லக்கா. அது தாங்கியிருக்குமா தெரியல" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மாசி வந்து பாத்திரத்தை அப்படியே மூடி என் கையில் கொடுத்தாள். மறுநாள் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. அம்மா நன்றாக இருக்கிறார், மனைவியும் மனைவியின் அண்ணனும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டார்.

இதற்கு நடுவில் விசாரணை. அதிகாரி விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்று வரி விடாதது ஆபரேட்டரின் குற்றம், அது எழுத்தில் இருக்கிறது, பிமல் தற்காலிக ஊழியன், எடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. நான் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என் பெயரை யாருமே எடுக்கவில்லை. அந்த விரல் விறைத்த பையனை நினைத்துக்கொண்டேன். விதியை மீறியது அவன், ஆனால் மீறினால் பரவாயில்லை என்று அவனுக்குச் சொன்னது என் நிரல், அது முன்பு போல வாங்க மாட்டேன் என்று திருப்பியிருந்தால் அவன் மறுபடி அடித்திருப்பான், இது நடந்திருக்காது என்றேன்.

சன்யால் பாபு எழுந்து, அந்த நிரல் தாளின் ஓரத்தில் தன் கையெழுத்து இருந்த இடத்தை அதிகாரிக்குக் காட்டினார். "எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

பிமலை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. சன்யால் பாபுவுக்கும் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நிரலை நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து மாற்றினோம். வெற்று வரி இல்லாத செய்தியை அது ஊகிக்காது. பிமல் போன்றவர்களைத் திரும்ப அடிக்கவும் சொல்லாது. அச்சடித்து ஒரு தட்டில் போடும். ஒரு மனுஷர் அதை எடுத்துப் படித்து, புரியாவிட்டால் அனுப்பியவரையே கேட்டு, வெற்று வரியைச் சேர்த்து உள்ளே விடுவார். அந்தத் தட்டின் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பர்ணாலி வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் உட்கார்ந்தது அந்தத் தட்டின் முன்னால்தான்.

மாதையனின் மனைவி வருகிற அன்று ஹவுரா ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். அத்தனை கூட்டத்திலும் பச்சியம்மாளைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வெறும் நெற்றி, வெறும் கழுத்து, கையில் வளையல் இல்லை. கூட வந்த அண்ணன் அவளுடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார், தொலைந்துவிடுவாளோ என்பது மாதிரி. டாக்சி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வார்டில் அவள் அழவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று, கட்டுக்கு வெளியே தெரிந்த அவருடைய கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஐந்தையும் தொட்ட பிறகு, "வலிக்குதா?" என்று கேட்டாள். மாதையன்தான் அழுதார். நானும் அண்ணனும் வெளியே வந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் அவளும் வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அந்தச் சேதிய அனுப்புனது யாருங்க?" என்றாள். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு பேரு எழுதறப்ப ஒரு தரம் பாத்து எழுதக் கூடாதாக்கா?" என்றாள். அவ்வளவுதான். சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

அப்புறம் மஞ்சள் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். கூட்டிக்கொண்டு போனேன். விரலி மஞ்சள் ஒன்று, மஞ்சள் கயிறு, குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். வளையலைக் கடையிலேயே போட்டுக்கொண்டாள். மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வார்டுக்குத் திரும்பியபோது சாயங்காலப் பார்வையாளர் நேரம். மஞ்சளைக் கயிற்றில் கட்டி மாதையன் கையில் கொடுத்தாள். அவரால் எழுந்து உட்கார முடியாது. அவள் தரையில் மண்டியிட்டுத் தலையைப் படுக்கை விளிம்பில் சாய்த்து, பின்னங்கழுத்தை அவருக்குக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாசி என்ன நடக்கிறது என்று புரியாமலே, வங்காளிக் கல்யாண வீட்டுக் குலவை போல உலூ ஒலி எழுப்பினாள். மாதையன் படுத்தபடியே இரண்டு முடிச்சுப் போட்டார்.

பச்சியம்மாள் தலையைத் தூக்காமல், "மூணாவது முடிச்சு நாத்தனா போடணும். இவருக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்ல. நீங்க வாங்க" என்றாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே, நான் போடலாமா என்றேன்.

"நாத்தனாவுக்குக் கல்யாணம் ஆவணும்னு ஒண்ணும் இல்ல. போடுங்கக்கா, முட்டி வலிக்குது."

குனிந்து கயிற்றை வாங்கிக்கொண்டேன். முதலில் போட்ட முடிச்சு நழுவிவிட்டது. பிரித்துவிட்டு, ஒரு தரம் நன்றாகப் பார்த்து, இறுக்கிப் போட்டேன்.